மெத்தைக் கடை மாடியில் ஊசலார்

கர்ப்பிணிகள் அசையவே கூடாது என்று தெரிந்துகொள்வதற்காகக் கர்ப்பிணிகள் இரண்டு மாடி ஏறி வந்தார்கள். லிஃப்ட் கிடையாது. படி குறுகல். கைப்பிடிக் கம்பி பாதி வழியில் தீர்ந்துவிடும். ஒரு கை வயிற்றிலும் ஒரு கை சுவரிலுமாக, வேர்த்து விறுவிறுத்து மேலே வந்து உட்கார்ந்ததும் உதவிக்காரப் பெண் சொல்லும் முதல் வார்த்தை, இனி ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள் என்பது. எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டுவார்கள். தலையை ஆட்டுவது அசைவில் சேர்த்தியா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அந்த மாடியில் இருந்தவரை ஊரே ஊசலார் என்றது. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. முழங்கால் வரை தொங்கும் வெள்ளைச் சட்டை, சீவிவிட்ட தாடி, தொட்டில் குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பது போன்ற மெல்லிய குரல். கையில் சிவப்பு நூல். நூலின் முனையில் எலுமிச்சை அளவு பித்தளைக் குண்டு. கட்டிலில் படுத்திருக்கும் பெண்ணின் வயிற்றுக்கு மேல் அதைப் பிடிப்பார். குண்டு நேர்கோட்டில் ஆடினால் உள்ளே குழந்தை நிம்மதியாக இருக்கிறது. வட்டமடித்தால் மிரண்டு போயிருக்கிறது. முதல் தடவை வந்த அத்தனை பேருக்கும் வட்டம்தான்.

தாய் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் குழந்தையின் அறிவு கொஞ்சம் சிந்துகிறது என்பது ஊசலாரின் கண்டுபிடிப்பு. கிண்ணம் நிறையப் பாலை வைத்துக்கொண்டு யாராவது நடை பழகுவார்களா என்று கேட்பார். குழந்தை பால் இல்லையே என்று பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. பரிகாரம் எளிது. பிரசவம் வரை படுத்திருக்க வேண்டும். இடுப்பில் செம்புக் கம்பி வைத்துத் தைத்த நிலைக்கட்டு கட்ட வேண்டும். வீட்டு மெத்தையில் ஸ்பிரிங் இருக்கும், ஸ்பிரிங் என்றாலே ஆட்டம். ஆகவே நிலைமெத்தை வாங்க வேண்டும். அது கீழ்த்தளத்துக் கடையில் கிடைக்கும். அந்தக் கடைக்காரர் ஊசலாரின் மைத்துனர் என்பது வெறும் தற்செயல். உலகத்தில் தற்செயலாக எவ்வளவோ நடக்கிறது.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் ஊசலின் மகிமை. ஏதாவது கோளாறு வந்தால் தாய் திருட்டுத்தனமாக அசைந்துவிட்டாள். இப்படியொரு வியாபாரத்தில் நட்டம் எந்த வழியாக வரும் என்று யோசித்துப் பாருங்கள். வராது.

இந்த ஊசலாரிடம் வந்து மாட்டியவர்களில் ஒருத்தி தபால்காரி. நடப்பதுதான் அவள் பிழைப்பு. தோளில் பையோடு தெருத்தெருவாக நடந்து, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு நாய் சும்மா குரைக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. கர்ப்பம் என்று தெரிந்ததும் அலுவலகத்தில் பாரம் சுமக்க வேண்டாம் என்று தபால் பிரிக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு. முதுகு பிடித்துக்கொண்டது. மகப்பேறு மருத்துவமனையில் போய்க் கேட்டாள்.

டாக்டர் ஸ்கேனையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்து, எந்தச் சிக்கலும் இல்லை, தாராளமாக உடற்பயிற்சி செய்யலாம் என்று சொல்லி அடுத்த அறைக்கு அனுப்பினார். அங்கே இருந்த பிசியோக்காரம்மா அவளுக்கென்று ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். வாரத்தில் பெரும்பாலான நாள் அரை மணி நேரம் நடை. ஒரே மூச்சில் முடியாவிட்டால் பிரித்துப் பிரித்து. நடக்கும்போது பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சுவரில் கையூன்றி முன்னும் பின்னும் சாய்வது, சிறுநீரை அடக்குவது போல அடித்தசையை இறுக்கி விடுவது, இப்படிச் சில பயிற்சிகள். வயிறு பெரிதான பிறகு மல்லாந்து படுத்துச் செய்வது வேண்டாம். விழுந்து வைக்கிற விளையாட்டு, கடும் வெயில், இரண்டும் வேண்டாம். தண்ணீர் பாட்டில் கூடவே இருக்கட்டும்.

பிறகு குரலை மாற்றிக்கொண்டு சொன்னார்.

"ரத்தம் பட்டா, தண்ணி மாதிரி கசிஞ்சா, தலை சுத்தினா, நெஞ்சு வலிச்சா, ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலிச்சா, பயிற்சிய நிறுத்திட்டு நேரா இங்க வாங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க."

எல்லோருக்கும் இதே பயிற்சிதானா என்று தபால்காரி கேட்டாள். இல்லை என்றார். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பவர்கள், முன்கூட்டியே வலி வரும் ஆபத்து உள்ளவர்கள், இருதயக் கோளாறு உள்ளவர்கள் என்று சிலருக்கு டாக்டரே வேண்டாம் என்பார். ஆளைப் பார்த்து, சோதனையைப் பார்த்துச் சொல்கிற விஷயம் இது.

தபால்காரி நடந்தாள். முதுகு வலி குறைந்தது. தூக்கம் வந்தது. இப்படியே போயிருந்தால் நமக்குக் கதை இல்லை. வீட்டில் மாமியார் இருந்தார்.

கெட்ட மாமியார் என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். மருமகளுக்குத் தட்டில் வைக்காமல் தான் ஒரு வாய் தின்னாத மனுஷி அவர். ஆனால் ஒரு பயம் உண்டு. கல்யாணமான புதிதில் முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அன்று காலை தண்ணீர் வாளி தூக்கியிருந்தார். வாளி தூக்கினதால்தான் போனது என்று வீட்டில் ஆளாளுக்குச் சொன்னார்கள். அவரும் நம்பினார். அதற்கப்புறம் ஒரு மகனைப் பெற்று வளர்த்து ஆளாக்கிய பிறகும் அந்த நம்பிக்கை மட்டும் அவருக்குள்ளே கல்லாகக் கிடந்தது. மருமகள் நடைக்குப் போய்த் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கிற வரை மாமியார் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஊசலாரைப் பற்றி அவருக்குச் சொன்னவள் கீழ்வீட்டுக்காரி. அவளும் கர்ப்பிணி. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத் தரித்த குழந்தை. யார் எதைச் சொன்னாலும் செய்யத் தயாராக இருந்தாள். ஊசலார் படு என்றார், படுத்தாள். அவ்வளவு ஒழுங்காகப் படுத்தாள் என்று ஊசலார் அவளைத் தன் கூட்டத்தில் புகழ்ந்து பேசினார். உலகத்திலேயே படுத்துக் கிடந்ததற்காகப் பாராட்டு வாங்கியவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அத்தையின் மனசுக்காக ஒரு தடவை போய் வருவோம் என்று தபால்காரி கிளம்பினாள். வரிசையில் காத்திருந்தபோது உதவிக்காரப் பெண் வந்து மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்து அன்பாகப் பேச்சுக் கொடுத்தாள். மாமியார் வாளியைப் பற்றிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் இவர்களைக் கூப்பிட்டார்கள். ஊசலார் குண்டைத் தபால்காரியின் வயிற்றுக்கு மேல் பிடித்தார். வட்டம். கண்ணை மூடினார். திறந்தார். மருமகளை விட்டுவிட்டு மாமியாரைப் பார்த்தார்.

"இந்தக் குடும்பத்துல ஏற்கெனவே ஒண்ணு அசைவுல போயிருக்கு. பாரம் தூக்கின அசைவு."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வரிசையில் தானே சொன்னது என்பது அவருக்குத் தோன்றவில்லை. தபால்காரிக்குத் தோன்றியது. ஆனால் அழுகிற மனுஷியிடம் அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் அத்தை கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு ஆனது உனக்கு ஆக வேண்டாம், இந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய் என்றார். புருஷனைப் பார்த்தாள். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவன். ஊரார் பார்வையையெல்லாம் திருத்திக் கொடுப்பவன். அவன் சொன்னான்:

"அம்மா இவ்ளோ சொல்றாங்க, கொஞ்ச நாள் படுத்துத்தான் பாரேன். படுக்குறதுல என்ன கெட்டுப்போச்சு?"

மறுநாள் நிலைமெத்தை வந்து இறங்கியது. பலகை மாதிரி இருந்தது. தபால்காரி படுத்தாள்.

படுக்கிறதில் என்ன கெட்டுப்போகும் என்பது சீக்கிரமே தெரிந்தது. முதுகுவலி திரும்பி வந்தது. வயிறு உப்பியது, மலச்சிக்கல் வந்தது. ராத்திரி தூக்கம் போய்ப் பகலெல்லாம் எரிச்சல். விட்டத்தில் இருந்த விரிசல் ஒவ்வொன்றையும் தெருவாக நினைத்துக்கொண்டு மனசாலேயே தபால் கொடுத்து வந்தாள். ஒருநாள் அலுப்புத் தாங்காமல் வீட்டுச் சாவியில் ஒரு நூலைக் கட்டித் தன் வயிற்றுக்கு மேல் பிடித்தாள். சாவி கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. வட்டமாகச் சுற்றும் என்று நினைத்தாள். மெல்ல மெல்ல வட்டமடித்தது.

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. கையை ஆட்டவே இல்லையே. இப்போது நேர்கோடு என்று நினைத்தாள். சாவி நேர்கோட்டுக்கு வந்தது. தலையணைக்கு மேல் பிடித்து வட்டம் என்று நினைத்தாள். தலையணையும் கர்ப்பமாகிவிட்டது. புருஷனுடைய சாப்பாட்டு டப்பாவும் அப்படியே. கடைசியாக நூலை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, வயிற்றைப் பக்கத்தில் கொண்டுபோய், வட்டம் வட்டம் என்று முனகிப் பார்த்தாள். சாவி அசையவில்லை.

அவளுக்கு விளங்கிவிட்டது. மனசு நினைப்பதை விரல், நமக்கே தெரியாத அளவில், செய்துவிடுகிறது. அதை நூல் பெரிதாக்கிக் காட்டுகிறது. நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். தாடி தேவையில்லை.

புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவனும் பிடித்துப் பார்த்தான். சாவி அவனுக்கும் சுற்றியது. வாயைத் திறந்தபடி நின்றான். இருந்தாலும் அம்மாவிடம் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. குழந்தை பிறக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றான்.

அந்த வாரமே கீழ்வீட்டுக்காரியின் இடது கால் வீங்கியது. ஆடுசதை தொட முடியாத வலி. அவள் புருஷன் ஊசலாருக்குப் போன் போட்டான். வயிற்றிலிருந்த அசைவெல்லாம் காலுக்கு இறங்குகிறது, நல்ல அறிகுறி, நிலைக்கட்டை இன்னும் இறுக்கிக் கட்டுங்கள் என்று பதில் வந்தது. மாமியார் போய்ப் பார்த்துவிட்டு வந்து இந்த நல்ல சேதியை மருமகளிடம் சொன்னார்.

தபால்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

"எந்தக் கால் அத்தை? ரெண்டுமா, ஒண்ணு மட்டுமா?"

"இடது கால் மட்டும்தான். செவந்து கெடக்கு. நீ ஏன் எந்திரிக்கிற?"

 தபால்காரி செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். பின்னாலேயே மாமியார் கத்திக்கொண்டு வந்தார். கீழ்வீட்டுக்காரியின் காலைப் பார்த்த மாத்திரத்தில், வண்டியை எடு என்று அவள் புருஷனிடம் சொன்னாள். அவன் தயங்கினான். வண்டி குலுங்குமே, குழந்தை மிரளுமே என்றான். தபால்காரி தானே தெருவில் போய் ஒரு வாடகை வண்டியை நிறுத்திக்கொண்டு வந்தாள்.

மருத்துவமனையில் காலை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ரத்தக் குழாயில் உறைந்த ரத்தக் கட்டி. கர்ப்ப காலத்தில் ரத்தம் எளிதாக உறையும், மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தால் ஆபத்து இன்னும் கூடும் என்று டாக்டர் சொன்னார். கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும். ஊசி போட ஆரம்பித்தார்கள். பிரசவம் வரைக்கும், அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் போட வேண்டும்.

இத்தோடு ஊசலாரின் கதை முடிந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். உங்களுக்கு மக்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஊசலார் அடுத்த கூட்டத்தில் மிகுந்த துக்கத்தோடு அறிவித்தார்: அந்தப் பெண் யாருக்கும் தெரியாமல் எழுந்து நடந்திருக்கிறாள், ஊசல் முன்பே காட்டியது, அவள் மனம் நோகக் கூடாது என்றுதான் தான் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் உச்சுக்கொட்டியது. அன்று நிலைமெத்தை வழக்கத்தைவிட அதிகமாகப் போனது.

சேதி மருத்துவமனைக்கும் போய்ச் சேர்ந்தது. தபால்காரி பார்க்கப் போனபோது கீழ்வீட்டுக்காரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதுகொண்டிருந்தாள். பாத்ரூமுக்கு மட்டும்தான் எழுந்து போனாளாம். அதையாவது குறைத்திருக்கலாமே என்றாள். தன் குழந்தையைத் தானே கொல்லப் பார்த்துவிட்டேன் என்றாள்.

தபால்காரி அதற்கு முன்னால் அவ்வளவு கோபப்பட்டதே இல்லை. ஏமாற்றிப் பிடுங்குவது ஒரு பக்கம் இருக்கட்டும். சாகக் கிடந்தவளிடமே போய், நீதான் காரணம் என்று சொல்ல ஒருத்தனுக்கு எப்படி வாய் வந்தது? அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. அத்தையையும் இப்படித்தானே யாரோ ஒரு வாளியைக் காட்டி இத்தனை வருடம் அழ வைத்திருக்கிறார்கள்.

அடுத்த பெரிய கூட்டத்துக்குத் தானும் வருவதாக அத்தையிடம் சொன்னாள். மருமகள் திருந்திவிட்டாள் என்று மாமியாருக்குச் சந்தோஷம். மகனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போனார்கள்.

மாடி நிறையக் கூட்டம். நடுவில் மேடை, மேடையில் கட்டில், கட்டிலுக்குத் தலைமாட்டில் ஊசலார் பேசுவதற்கான மைக் ஸ்டாண்டு. பேச்சு முடிந்ததும் யார் முதலில் படுப்பது என்று கேட்டார். தபால்காரி போய் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். மல்லாந்து படுக்கச் சொன்னார். மாட்டேன், மருத்துவமனையில் வேண்டாம் என்றிருக்கிறார்கள் என்றாள். ஊசலார் புன்னகையோடு விட்டுக்கொடுத்தார். நூல் எடுத்தார். வட்டம்.

அவள் படுத்தபடியே, மைக்கில் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஐயா, இந்தக் குண்ட ஆட்டுறது நீங்களா, என் குழந்தையா?"

"என்னம்மா கேள்வி இது. குழந்தைதான். நான் வெறும் கருவி."

"அப்ப கருவிக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க. நூல இந்த மைக் ஸ்டாண்டுல கட்டுங்க. குழந்தையே ஆட்டட்டும்."

கூட்டத்தில் சலசலப்பு. அவமரியாதை என்றார் ஒருவர். கேட்பதில் என்ன தப்பு என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. குழந்தையின் மகிமையை நேரடியாகப் பார்க்கலாமே என்று பக்தர்களில் சிலருக்கே ஆசை வந்துவிட்டது. ஊசலாரால் மறுக்க முடியவில்லை. தபால்காரியின் புருஷன் முன்னால் வந்து, தன் கையாலேயே ஸ்டாண்டின் வளைந்த கையில் நூலைக் கட்டினான். அவன் வாழ்க்கையில் அம்மா முன்னால் செய்த முதல் துணிச்சலான காரியம் அது. 

குண்டு வயிற்றுக்கு நேராகத் தொங்கியது. கொஞ்ச நேரம் ஆடி அடங்கியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து உள்ளே குழந்தை உதைத்தது. சட்டைக்கு மேலேயே தெரிந்தது, வயிறு ஒரு பக்கம் புடைத்து அடங்கியது. முன்வரிசைப் பெண்கள் பார்த்தார்கள். மறுபடியும் உதை. பிறகு ஒரு புரளல். குழந்தை தன்னால் ஆன மட்டும் அசைந்து காட்டியது. குண்டு அசையவில்லை.

யாரோ சிரித்தார்கள். ஊசலார் மைக்குக்குக் குனிந்தார். ஜடமான இரும்பு ஸ்டாண்டு எப்படி உணரும், பல வருடம் தவம் செய்த கை வேண்டும், குழந்தையின் பயத்தைக் கைதான் வாங்கிக் குண்டுக்குக் கொடுக்கிறது என்றார். சற்று முன்பு வெறும் கருவியாக இருந்தவர் அதற்குள் தவசியாகிவிட்டார்.

சரி, கை உணருமென்றால் கண் எதற்கு என்று தபால்காரி கேட்டாள். கண்ணைக் கட்டிக்கொண்டு பிடித்துப் பாருங்கள். படுப்பவர் பேச வேண்டாம். கை சொல்லட்டும். கூட்டம் முழுக்க வயிற்றோடு உட்கார்ந்திருந்த பெண்கள். எவள் படுத்தாலும் கர்ப்பிணிதான், இதில் தோற்க வழியில்லை என்று ஊசலார் கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஒப்புக்கொண்டார். ஒரு துண்டை மடித்துக் கண்ணைக் கட்டினார்கள்.

தபால்காரி கட்டிலைவிட்டு எழுந்தாள். ஓர் ஓரமாக நின்ற தன் புருஷனைப் படுக்கச் சொல்வது அவள் திட்டம். அவன் இரண்டடி எடுத்து வைத்தான். அதற்குள் மாமியார் எழுந்து அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.  தொங்கின குண்டையே இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தவர், மேடைக்கு நடந்து, கட்டிலில் ஏறிப் படுத்து, கழுத்து வரை போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை.

ஊசலார் நூலைப் பிடித்தார். குண்டு மெல்ல அசைந்து, வட்டம் போடத் தொடங்கியது. பெரிய வட்டம்.

"ஏழாம் மாசம்," என்றார். "நல்ல அறிவாளிக் குழந்தை. ஆனா பயந்து ஓரமா ஒதுங்கியிருக்கு. அம்மா இன்னிக்குப் படி ஏறியிருக்கா. குழந்தை அழுவுது. அழுற சத்தம் என் கைக்கே கேக்குது."

போர்வைக்குள்ளிருந்து அமைதியான குரல் வந்தது.

"ஐயா, எனக்குத் தூரம் நின்னு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு."

துண்டு கீழே விழுந்தது. கட்டிலில் நரைத்த தலையைப் பார்த்து ஊசலார் ஓர் அடி பின்னால் எடுத்து வைத்தார். அந்த மாடி அதுவரை கேட்டிராத சிரிப்பு எழுந்தது. நிறைமாதக்காரி ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சிரிக்க வைக்காதீங்கடி என்று கெஞ்சினாள். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தார்.

"அன்னிக்கு என் மொதல் புள்ளையப் பத்திச் சொன்னீங்களே. பாரம் தூக்கித்தான் போச்சுன்னு. அதுவும் இப்படித்தான் சொன்னீங்களா?"

 பதில் உதவிக்காரப் பெண்ணின் முகத்தில் இருந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வரிசையில் உட்கார்ந்து அவளிடம் மனசைத் திறந்து கொட்டிய பெண்கள் ஒவ்வொருத்தியாக அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கிட்டயும் கேட்டா, எங்கிட்டயும் கேட்டா என்று வரிசை வரிசையாகக் குரல் எழுந்தது. ஊசலார், கலைந்துபோன அந்தக் குழந்தையின் ஆன்மா இன்னும் இந்த அம்மாவைச் சுற்றி நிற்கிறது என்று ஏதோ ஆரம்பித்தார். நிற்கிறதென்றால் ஸ்டாண்டில் கட்டிக் காட்டு என்றாள் பின்வரிசைக்காரி. கீழே ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. மைத்துனருக்குக் காது கூர்மை.

அன்று சாயங்காலத்துக்குள் மெத்தைகள் தெருவுக்கு வந்தன. பெண்களும் அவர்களுடைய புருஷன்மார்களும் தூக்கிக்கொண்டு வந்து ஷட்டருக்கு முன்னால் அடுக்கினார்கள். கீழ்வீட்டுக்காரியின் புருஷன் காவல் நிலையத்துக்குப் போனான். போலீஸ் வருவதற்குள் ஊசலார் பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போய்விட்டார். ஓடினார் என்றே பார்த்தவர்கள் சொன்னார்கள். நல்ல வேகமாம்.

மறுநாள் மாமியார் தானாகவே மருமகளோடு மருத்துவமனைக்கு வந்தார். டாக்டரின் முன்னால் உட்கார்ந்து, வாளி விஷயத்தைச் சொல்லி, அதனால்தான் போச்சா என்று கேட்டார். இத்தனை வருடத்தில் விஷயம் தெரிந்த ஓர் ஆளிடம் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணாம் மாசத்துக்குள்ள கலையுறதுல பெரும்பாலானது, கரு உருவாகும்போதே இருக்கிற குறையால கலையுதும்மா. வாளி தூக்கினதால கலைஞ்சதுன்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்ல. நீங்க சும்மா உக்காந்திருந்தாலும் அது நின்னிருக்காது."

 அப்போ இதை யாராவது அன்றைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாமே என்றார் மாமியார், யாரையும் குறிப்பிடாமல். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஏறவில்லை. நடந்தே போகலாம் என்றார். தபால்காரி உடன் நடந்தாள். வழி நெடுக மாமியார் அழுதார், நடுநடுவே மூச்சு வாங்காமல் பேசவும் செய்தார்.

அதற்குப் பிறகு பிசியோக்காரம்மாவின் அறையில் கூட்டம் கூடியது. படுத்தே கிடந்தவர்கள் ஒரேயடியாக ஓட ஆரம்பிக்க வேண்டாம் என்று, ஒவ்வொருத்தியையும் டாக்டரிடம் அனுப்பிப் பார்த்துவிட்டு, பத்து நிமிட நடையிலிருந்து தொடங்கி வைத்தார். ஒருத்தியை மட்டும் திருப்பி அனுப்பினார். அவளுக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தது. உனக்கு இப்போது பயிற்சி வேண்டாம், ஏன் என்று டாக்டர் விளக்குவார் என்றார். அவள் விளக்கம் கேட்டுக்கொண்டு நிம்மதியாகப் போனாள். அவளிடம் யாரும் மெத்தை விற்கவில்லை.

கீழ்வீட்டுக்காரிக்கு, ஊசி போட்டுக்கொண்டே, பெண் குழந்தை பிறந்தது. தபால்காரி கடைசி வாரம் வரை நடந்தாள். அவளுக்குச் சுகப்பிரசவம் ஆனது என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆகவில்லை. குழந்தை திரும்பாமல் நின்றுகொண்டது, ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். ஊசலாரின் பழைய பக்தர் ஒருவர் வார்டுக்கே வந்து, பார்த்தாயா, நடந்ததன் பலன் என்றார். மாமியார் பேரனை மடியில் வைத்துக்கொண்டு அவருக்குப் பதில் சொன்னார். நடந்தால் ஆபரேஷன் வராது என்று இங்கே யாரும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை, உடம்பு தெம்பாக இருக்கும் என்றுதான் சொன்னார்கள், இருந்தது. சத்தியம் செய்து கொடுத்தவர் எங்கே, அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். பக்தர் பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஊசலார் இப்போது வேறோர் ஊரில் இருப்பதாகக் கேள்வி. குண்டை வைத்து, எந்தப் பிள்ளை பரீட்சையில் தேறும் என்று சொல்கிறாராம். அங்கேயும் வரிசை நிற்கிறதாம். நிற்கட்டும். கர்ப்பிணி எந்தப் பயிற்சியைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று டாக்டரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் தலைக்குள்ளே இருப்பதற்கும் ஒரு பயிற்சி உண்டு, அதற்குக் கேள்வி கேட்பது என்று பெயர். அதை ஆண் பெண் எவரும், எந்த மாதத்திலும், யாருடைய அனுமதியும் இல்லாமல் செய்யலாம். செய்து பழக்கமில்லாதவர்களுக்கு முதல் தடவை கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.